படத்தின் மேல் போட்ட பழி

என் கிரேஸ் அக்காவுக்கு, உன் மேல் ஆசையும் என் மேல் கோபமுமாக எழுதுகிறேன்.

நாளை மறுநாள் உன் முதலாம் வருஷ நினைவுக் கூட்டம். சித்தூரில் நம் வீட்டு வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. நம் சர்ச் போதகர் ஐயர் என்னைச் சாட்சி சொல்லச் சொல்லியிருக்கிறார். "சினிமா ஒரு பொண்ண எப்படி அழிச்சதுன்னு சொல்லும்மா, வாலிபப் பிள்ளைங்க கேக்கணும்." நல்ல ஆளைத்தான் பிடித்திருக்கிறார்.

உனக்குக் கல்யாணமான மூன்றாம் மாதம் திருப்பதியில் படம் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அதிலும் புதுசாகக் கல்யாணமான ஒருத்தி. புருஷனின் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வீட்டில் ஒரு கதவு காணாமல் போகும். கடைசியில் கதவே இல்லாத அறையில் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பாள். தியேட்டரே சிரித்தது. நானும் சிரித்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்காதடி, அவ பயந்துக்கினு இருக்கா" என்றாய்.

திரும்பும் பஸ்ஸில் சொன்னாய். "வேணான்னு அழுதாலும் வுட மாட்றாருடி. கதவ சாத்துனாலே எனக்கு மூச்சு முட்டுது." எனக்குக் கூச்சம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வாரம் நீ பேச்சில்லாமல் வீட்டுக்கு வந்து சுவரைத் தடவிக்கொண்டு நின்றாய். நைனா என்னைக் கேட்டார். "இன்னா ஆச்சு இவளுக்கு? உங்கிட்ட எதுனா சொன்னாளா?" பக்கத்தில் ஐயர் இருந்தார். படுக்கையறைப் பேச்சை அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வேன்? "பேய்ப் படம் பாத்தா நைனா, அதுலர்ந்து இப்படித்தான்" என்றேன்.

அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்து, உன் தலையில் கைவைத்து, படத்தின் ஆவியைத் துரத்தினார்கள். டாக்டரை யாரும் நினைக்கவில்லை. நீ இரண்டு வாய் சோறு தின்றதும் குணமாகிவிட்டது என்று உன் புருஷனிடமே திருப்பி அனுப்பினோம். ஒன்பதாம் நாள், நீயே உயிரை முடித்துக்கொண்டாய் என்று போன் வந்தது.

போன வாரம் அந்தப் படத்தைப் போனில் மறுபடி பார்த்தேன். நாங்கள் சிரித்த இடத்தில் அவள் ஏதோ பேசுகிறாள், அக்கா. "யாராவது கேளுங்களேன்" என்கிறாள். அன்றைக்கு உனக்கு அது கேட்டதா?

உன் புருஷனுக்கு நகரியில் பெண் பார்த்துவிட்டார்கள். கூட்டத்துக்கு அந்தப் பெண்ணையும் கூட்டி வருகிறாராம்.

மைக் என் கைக்கு வந்ததும் படத்தைப் பற்றிப் பேச மாட்டேன். பஸ்ஸில் நீ சொன்னதை, நீ சொன்ன வார்த்தையிலேயே, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். நைனா உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டேன்.

உன் கையை விட்ட தங்கச்சி,
லில்லி