நாம் தின்ற பலாப்பழம் குறித்து அறங்கூறவைக்கு விடுத்த ஓலை

நலம் பெருகுக. வெண்கரை நாடு ஏழும் புரக்கும் கொற்றவேள் மாறனாகிய நாம், முத்தாழிப்பட்டினத்து அறங்கூறவைத் தலைவர் கீரங்கண்ணனார்க்கு விடுக்கும் ஓலை. நும் அவை வழுவாது நிற்க. நும் பட்டினத்துக் கலங்கள் கரை சேர்க. இதற்குமேல் வாழ்த்த நமக்குப் பொறுமை இல்லை. நேரே செய்திக்கு வருகிறோம்.

கலவணிகன் எயினன் சாத்தன் தன் பலாத்தோப்பை நம் பிறந்தநாளன்று நமக்குக் காணிக்கையாக எழுதித் தந்ததை நீர் அறிவீர். நாமும் மகிழ்ந்து முத்திரையிட்டு ஏற்றோம். தோப்பின் எல்லையில் நம் பெயர் பொறித்த கல்லும் நட்டார்கள். அவனுடைய கலத்தில் ஈராண்டு துடுப்பு வலித்த முப்பத்தொரு மாலுமிகளின் கூலி வழக்கு மறுநாளே நும் அவைக்கு வர இருந்ததை எவரும் நம் காதில் போடவில்லை. மறுநாள் அவன் அவையில் கையை விரித்தான். தன்னிடம் ஒரு பிடி மண்ணும் இல்லை என்றான். அரசன் சொத்தில் கைவைக்க அஞ்சி நீரும் வழக்கைத் தள்ளிவிட்டீர்.

மூன்று நாள் முன், அம்மாலுமிகளுள் ஒருவனான திரையனின் மனைவி ஆதிரை நம் வாயிலில் வந்து நின்றாள். கணவன் நோயில் கிடக்கிறான், மருந்துக்கு வழியில்லை. அழுவாள் என்று எண்ணினோம். அவளோ, அரசர்க்குப் பழம் இனித்ததா என்று மட்டும் கேட்டாள். ஐயோ, இனிக்கத்தான் செய்தது! அன்றிலிருந்து அரியணையில் உட்கார முடியவில்லை. எழுந்து எழுந்து நடக்கிறோம்.

விசாரித்தோம். தோப்புக்கு இன்றும் நீர் இறைப்பவர் சாத்தனின் ஆட்கள், காவலும் அவர்களே. நமக்கு வந்தது ஒரு கூடை; மற்ற நூறு கூடையும் அவன் பெயரில் சந்தைக்குப் போயின. காணிக்கை கொடுத்தவன் விளைச்சலை அள்ளுவானா? கூலி கொடுக்காமல் தப்ப நம் பெயரை வேலியாகக் கட்டியிருக்கிறான், கயவன். நாமும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம்.

ஆகவே கட்டளை: அக்காணிக்கை செல்லாது. தோப்பை இன்றே அவை கைப்பற்றுக. அதை விற்கவோ ஒற்றி வைக்கவோ சாத்தனுக்கு உரிமை இல்லை. விற்ற பழத்தின் பணத்தையும் அவனிடம் வாங்குக. கூலி முழுதும் மாலுமிகளுக்குச் சேர்ந்தபின் எஞ்சியதே அவனுக்கு. வேறு எவர்க்கேனும் அவன் எழுதிவைத்திருந்தால், சூது அறியாமல் உரிய விலை கொடுத்தவர் நீங்கலாக, மற்றவர் ஓலைகளும் செல்லா. திரையன் வீட்டிற்கு முதலில் கொடுக்க. அவன் பிழைக்க வேண்டும்.

நாம் தின்ற ஒரு கூடைக்கான விலை இத்துடன் வருகிறது; பெற்றுக்கொண்டதாகச் சீட்டு அனுப்புக. நம் பெயர்க்கல்லை ஆதிரையின் கண்முன் பிடுங்குக. நும் ஆட்கள் தயங்கினால் கடப்பாரையுடன் நாமே வருவோம்.

இது நம் ஆணை. அன்று படிக்காமல் முத்திரையிட்ட அதே மோதிரத்தால், இம்முறை இருமுறை படித்து முத்திரையிட்டோம்.