சக்கரத்தில் உங்கள் இடது கை

என் அன்புக்கும், அதற்கு முன்னால் நெடுங்காலம் என் பயத்துக்கும் உரிய சேருக்கு,

நீங்கள் போய் நான்கு மாதமாகிறது. சனிக்கிழமை வகுப்பு மறுபடி நடக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இடையில் அது ஏன் நின்றது என்று உங்களுக்குத் தெரியாது. உங்களை அறியாத சிலரும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றத்திட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில், நான்காம் ஆண்டில், நீங்கள் எனக்கு வகுப்பாசிரியர். நான் இடது கையால் எழுதுவேன். உங்களுக்கு அது பிடிக்காது. இடது கையை மேசையில் விரித்து வைக்கச் சொல்லி கோடு போடுகிற அடிமட்டத்தால் அடிப்பீர்கள். அந்த வருடம் முடிவதற்குள் நான் வலது கைக்கு மாறிவிட்டேன். எழுத்து கோணல் மாணலாக வந்தது. அதற்கும் சிவப்பு மையால் ‘பிழை’ என்று போட்டீர்கள். அதன் பிறகு எத்தனையோ இடம்பெயர்வு, எத்தனையோ இழப்பு. அவற்றுக்கு முன்னால் ஓர் அடிமட்டம் என்ன பெரிய விஷயம் என்று யாராவது கேட்கலாம். ஆனால் அடிக்க முன் நீங்கள் செருமுகிற சத்தம் மட்டும் முப்பது வருடமாகக் காதை விட்டுப் போகவில்லை.

நான் படித்து முன்னேறவில்லை. தெற்கில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தேன். அங்கேதான் சக்கரத்தில் மண் வைக்கப் பழகினேன். என் இடது கைக்கு ஏற்ற மாதிரிச் சக்கரத்தை மறுபக்கமாகச் சுற்றவிடலாம் என்று அங்கே ஒருவர் காட்டித் தந்தபோது, யாருக்கும் தெரியாமல் குளியலறைக்குள் போய் நின்று அழுதேன். பிறகு வடக்குக்குத் திரும்பி வந்து, நெளுக்குளத்தில் பழைய உரக்கடை ஒன்றை வாடகைக்கு எடுத்து, மூன்று சக்கரமும் ஒரு சின்ன மின்சாரச் சூளையும் வைத்து, பெரியவர்களுக்கு வகுப்பு தொடங்கினேன். வாசலில் ‘ஸ்ரூடியோ’ என்று எழுதியது என் தவறு. முதல் மாதம் முழுக்கக் கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்கத்தான் ஆட்கள் வந்தார்கள்.

அப்படி ஒரு சனிக்கிழமை நீங்கள் வந்தீர்கள். பாரிசவாதம் வந்து வலது கை சோர்ந்திருந்தது. மண் பிசைந்தால் விரல்களுக்கு நல்லது என்று கிளினிக்கில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மனைவி, நான் அம்மா என்று கூப்பிடுகிறவர், உங்களைச் செல்வராசா அண்ணையின் ஓட்டோவில் ஏற்றி அனுப்பியிருந்தார். அண்ணை என் வகுப்பில் படிக்கிறவர்தான். உங்களைக் கைத்தாங்கலாக இறக்கி, “தங்கச்சி, புது ஆளொண்டு கூட்டிக்கிட்டு வந்திருக்கேன்” என்றார். நீங்கள் செருமினீர்கள். அந்த ஒரு சத்தத்தில் நான் கதிரையை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

உங்களுக்கு என்னைத் தெரியவில்லை. இடமில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஏன் சேர்த்துக்கொண்டேன்? இரக்கம் என்று சொன்னால் பொய்.

சாதாரணச் சக்கரம் ஒன்றில் உங்களை இருத்தினேன். “வலது கைக்குத்தானே பயிற்சி வேணும், வலது கையாலை செய்யுங்கோ சேர்” என்றேன். கிளினிக் சொன்னதும் அதுதான் என்பது எனக்கு வசதியாகப் போயிற்று. மண் நடுவில் நிற்காமல் வழுகி வழுகி ஓடியது. ஒரு தடவை கட்டியாகவே பறந்து சுவரில் ஒட்டியது. மூன்று சனிக்கிழமை அப்படியே போனது. நீங்கள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான்காவது கிழமை, தாங்க முடியாமல் இடது கையைத் துணைக்கு வைத்தீர்கள். நான் கிட்ட வந்து, “இடது கையை எடுங்கோ” என்றேன்.

குரல் என்னுடையது. சொன்ன விதம் உங்களுடையது. செல்வராசா அண்ணை தன் சக்கரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நீங்கள் கையை எடுத்து மடியில் வைத்தீர்கள், ஒரு சின்னப் பிள்ளையைப் போல. பிறகு நிமிர்ந்து கேட்டீர்கள்.

“பிள்ளை, நீ எந்தப் பள்ளிக்கூடம்?”

சொன்னேன். வருடத்தையும் சொன்னேன்.

“உனக்கு அடிச்சனானோ?”

“ஓம் சேர். இடது கையாலை எழுதினதுக்கு.”

நீங்கள் நெடுநேரம் என் முகத்தைப் பார்த்தீர்கள். “நான் பொய் சொல்லக்கூடாது. உன்ரை முகம் எனக்கு ஞாபகம் வரேல்லை. கனபேருக்கு அடிச்சிருக்கிறன்” என்றீர்கள்.

சேர், அந்தப் பதில் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? முப்பது வருடம் நான் சுமந்துகொண்டு திரிந்த ஒன்றை நீங்கள் அன்றைக்கே கீழே வைத்துவிட்டுப் போயிருந்தீர்கள். கோபம் வந்தது. வீட்டுக்குப் போன பிறகுதான், ஞாபகம் இருக்கிறது என்று நடித்திருக்கலாமே, இவர் நடிக்கவில்லையே என்று தோன்றியது.

அடுத்த கிழமை நீங்கள் வரமாட்டீர்கள் என்று நினைத்தேன். எல்லோருக்கும் முன்னால் வந்து, ஓட்டோவிலிருந்து இறங்கி வாசலில் நின்றபடியே சொன்னீர்கள்: “வலக்கையாலை எழுதினால்தான் பிள்ளையள் உருப்படும் எண்டு நம்பினனான். பிழை.”

அவ்வளவுதான். உங்களை என்னுடைய சக்கரத்தில் இருத்தி, அதை மறுபக்கமாகச் சுற்றவிட்டேன். இடது கை அழுத்த, வலது கை சும்மா துணைக்கு. அரை மணித்தியாலத்தில் மண் நடுவில் நின்றது. “நிக்குது பிள்ளை” என்றீர்கள், யாரோ தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மெல்லிய குரலில். அதன் பிறகு இரண்டு மாதத்தில் ஏழு கிண்ணம் செய்தீர்கள். ஐந்து சூளையில் தப்பின. வெடித்த இரண்டையும் தூக்கிப் பார்த்து, அடியில் தடிப்புக் கூடிவிட்டது என்று நீங்களே காரணம் சொன்னீர்கள். சரியான காரணம்.

கடைசிச் சனிக்கிழமையைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும்.

அன்று எட்டாவது கிண்ணத்தைக் கம்பியால் அறுத்து எடுத்துவிட்டு, “போதும் பிள்ளை, களைப்பாக் கிடக்கு” என்றீர்கள். நான், “இன்னுமொண்டு செய்யுங்கோ சேர், இண்டைக்கு உங்களுக்குக் கை நல்லா வருது” என்றேன். நீங்கள் சிரித்துவிட்டு அடுத்த மண் கட்டியை எடுத்தீர்கள். அது பாதியில் இருக்கும்போது ஒரு பக்கமாகச் சரிந்தீர்கள். அண்ணையும் நானும் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் செய்தி வந்தது.

செத்த வீட்டுக்கு வந்தேன். வாசல் படலையைத் தாண்டி உள்ளே வரவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்கிற துணிவு இல்லை. களைப்பு என்று சொன்ன மனிதரை நான்தானே இருத்திவைத்தேன்? அந்த ‘இன்னுமொண்டு’ எனக்குள் எங்கிருந்து வந்தது? உங்கள் கை ஓடியதைப் பார்த்த சந்தோஷத்தில் வந்ததா, இல்லை அந்த நான்காம் ஆண்டுப் பிள்ளை இன்னும் கணக்குத் தீர்க்கிறாளா? திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்த்தேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அதுதான் என்னை வதைத்தது. கதவில் ‘வகுப்பு இல்லை’ என்று ஓர் அட்டையைத் தொங்கவிட்டேன். செல்வராசா அண்ணை வந்து, “அவருக்கு ஏற்கெனவே பாரிசவாத வருத்தம் தானே தங்கச்சி, நீங்க என்ன செய்வீங்க” என்று ஆறுதல் சொன்னார். அவருக்கு அடிமட்டக் கதை முழுதாகத் தெரியாது.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அடுத்த வாரம், காலையில், யாரோ கதவைத் தட்டினார்கள். அம்மா தனியாக வந்திருந்தார். கையில் குடையும் ஒரு பையும். என்னைக் குற்றம் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சொல்லட்டும், அதோடு முடியட்டும் என்றும் நினைத்தேன். கதிரையைத் துடைத்துப் போட்டேன். அவர் அதில் இருக்கவில்லை.

“பிள்ளை, உன்னட்டை ஒண்டு கேக்கோணும். மறைக்காமல் சொல்லு. அண்டைக்கு அவர் கஷ்டப்பட்டவரோ?”

“இல்லையம்மா. சிரிச்சுக்கொண்டுதான் இருந்தவர். திடீரெண்டு சரிஞ்சவர்.”

அம்மா அப்போதுதான் கதிரையில் இருந்தார். குடையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

“காலமை எழும்பேக்கையே வலக்கை இன்னும் விறைக்குது எண்டவர். வாயும் கொஞ்சம் கோணின மாதிரி எனக்குப் பட்டது. டொக்டரும் பிறகு அதைத்தான் சொன்னவர், விடியவே துவங்கீட்டுதாம். நான் மறிச்சிருக்கோணும். மறிக்கேல்லை. ஏன் தெரியுமே? சனிக்கிழமையில அந்த மூண்டு மணித்தியாலந்தான் எனக்கு வீட்டில ஒரு அமைதி. அவர் வருத்தமா விழுந்த நாளிலையிருந்து எனக்கு வேற நேரம் இல்லை. போகட்டும் எண்டு நினைச்சிட்டன். அந்த ஆசையிலைதான் அனுப்பினனான், பிள்ளை.”

நான் நிலத்தில் இருந்துவிட்டேன், சேர். ஒரு மாதமாக நான் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம், இரண்டு பேரும் ஒரே பாரத்தைத் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறோம். நீங்கள் களைப்பென்று சொன்னதையும் நான் இருத்தியதையும் சொன்னேன். அடிமட்டத்தைச் சொன்னேன். முதல் மூன்று கிழமை உங்களை வேண்டுமென்றே வலது கையில் வதைத்ததையும் ஒளிக்காமல் சொன்னேன்.

அம்மா கேட்டு முடித்துவிட்டு, “அது எனக்குத் தெரியுமே” என்றார்.

“எப்பிடி அம்மா?”

“வீட்டை வந்து சொன்னவர். ‘அந்தப் பிள்ளை என்னைப் பழி வாங்குது, ஆனால் நல்லாப் படிப்பிக்குது’ எண்டு. அப்ப ஏன் போறியள் எண்டு கேட்டன். ‘நான் படிப்பிச்சதை விட நல்லாப் படிப்பிக்குது, அதுதான் போறன்’ எண்டவர்.”

சொல்லிவிட்டு அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையானது, அழுகை எப்போது மறுபடி சிரிப்பானது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. ஏன் சேர் இதை என்னிடம் சொல்லவில்லை? பாராட்டினால் பிள்ளைகள் கெட்டுவிடும் என்றா?

வெளிக்கிடும்போது அம்மா கதவில் தொங்கிய அட்டையைக் கழற்றி என் கையில் தந்தார். “இதை ஏன் கொழுவி வைச்சிருக்கிறாய்? வாற சனி நான் வாறன். எனக்கும் அந்த மூண்டு மணித்தியாலம் இனி வீட்டில வேண்டாம்” என்றார்.

இப்போது அம்மா என் வகுப்பில். சொல் கேட்க மாட்டார். மண்ணைக் கோதுமை மா குழைப்பதுபோலக் குழைக்கிறார். அது நல்லதுதான், காற்றுக் குமிழி நிற்பதில்லை. சக்கரம் தனக்குத் தலைச்சுற்று என்று சொல்லிவிட்டு, கையாலேயே தட்டையாகத் தட்டி மீன் தட்டு செய்கிறார். செல்வராசா அண்ணையின் கோப்பைகளுக்குக் காது சரியில்லை என்று அவரோடு ஒவ்வொரு கிழமையும் வாக்குவாதம். கனடாவிலிருந்து உங்கள் மகள் கூப்பிட்டு, தன்னோடு வந்து இருக்கச் சொன்னாவாம். “சனிக்கிழமை வகுப்பு இருக்கு, யோசிச்சுச் சொல்லுறன்” என்று பதில் போயிருக்கிறது.

நான் நன்றாக நித்திரை கொள்கிறேன், சேர். நெடுங்காலத்துக்குப் பிறகு. உங்களை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள், அந்தச் சொல் எனக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. உங்கள்மேல் இருந்த பயம் போய்விட்டது. என்மேல் எனக்கிருந்த பயமும் போய்விட்டது. இரண்டில் இரண்டாவதுதான் பெரிய ஆறுதல்.

அம்மாவை நான் பார்த்துக்கொள்வேன் என்று வீரம் பேச மாட்டேன். பார்க்கப்போனால் அவர்தான் என்னைப் பார்த்துக்கொள்கிறார். ஆனால் ஒன்று மட்டும் உறுதி. ஒவ்வொரு சனிக்கிழமையும் கதவு திறந்திருக்கும். அவர் வராத சனிக்கிழமையில், ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டு நான் உங்கள் வீட்டுக்குப் போவேன். இந்தத் தடவை படலையில் நிற்க மாட்டேன், உள்ளே போவேன்.

உங்களிடம் படித்தவளும், உங்களுக்குப் படிப்பித்தவளும்,
சுகந்தி