காதில் விழாமல் போன சத்தம்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அதில் முக்கால்வாசி உண்மை. நீயும் மாப்பிள்ளையும் முழுசாகச் சுகமாக இருக்க வேண்டும், அங்கே குளிர் விட்டிருக்க வேண்டும். அப்பா நன்றாக இருக்கிறார், வேனுக்குப் புது பிரேக் போட்டுவிட்டு அதையே எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். தம்பி மறுபடியும் வேலை மாறிவிட்டான், இப்போது செருப்புக் கடை, அதுவும் எத்தனை நாளோ, அவனுக்கு என் கால், ஓரிடத்தில் தரிக்காது. மாடி வீட்டு வாத்தியார் வழக்கம்போல என் ஸ்பீக்கரில் இடிக்கிற பேஸ் சத்தத்துக்குத் தரையைத் தட்டுகிறார். போன வாரம் அவர் தட்டினது என் தாளத்தோடு அச்சாகச் சேர்ந்தது, படியில் பார்த்தபோது அதைச் சொல்லிப் பாராட்டினேன், அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை.

நீ தூங்கின அறையில்தான் இன்னும் என் தாளம் கட்டுகிற வேலை. கதவில் மெத்தையைச் சாத்தி, ஜன்னலில் கம்பளியை அடித்து, நடுவில் நான், இரண்டு ஸ்பீக்கர், கம்ப்யூட்டர், ஆறிப்போன காப்பி. மழைக்காலம் முழுக்க ஒரே ஒரு டான்ஸ்ஹால் தாளத்தோடு, அதுதான் அந்த ஜமைக்கா ஆட்டத் தாளம், மல்லுக்கட்டினேன். கிக் டிரம் சரியாக விழுந்தால் பேஸ் கோணுகிறது, பேஸைச் சரிபண்ணினால் இடுப்பு ஆட மறுக்கிறது, என் இடுப்பு ஆடாமல் நான் யாருக்கும் எதையும் அனுப்ப மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். கடைசியில் ஒரு காலை பல் தேய்த்துக்கொண்டே கேட்டபோது அதுவாக ஆடிற்று, வாயில் நுரையோடு ஓடிப்போய் அப்பாவை எழுப்பினேன். அந்தத் தாளத்தை மூன்று பாடகர்களுக்கு அனுப்பினேன், மூன்று பேரும் அதன்மேல் ஆளுக்கொரு பாட்டாகப் பாடி அனுப்பினார்கள். அதில் ஒருத்தன் அந்தக் கரகரப்பான், தொண்டை கரகரக்கப் பாடுவானே, நம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறானே, அவன் இப்போது பெரிய ஆள். அவன் குரல் என் தாளத்தில் வந்தால் டீஜேக்கள் தாமாகத் தேடி வருவார்கள், நான் ஒவ்வொருத்தனுக்கும் போன் போட்டு, பாட்டப் போட்டியா தம்பி, கூட்டம் ஆடிச்சா தம்பி என்று தொங்க வேண்டாம். கம்பெனி, மேனேஜர் என்று யாரும் இல்லாதவளுக்கு அடுப்பும் அவளே விறகும் அவளே.

இதற்கு நடுவில் ஆட்டப் போட்டி ஒன்று வந்தது, அதற்குப் பெண்கள் குழு ஒன்று என் தாளத்தைத்தான் எடுத்திருந்தது. குழுவின் தலைவி பகலில் பார்லர் வைத்திருக்கிறவள், கத்தரி மாதிரி நாக்கு, கத்தரி மாதிரியே கால். அவர்கள் பழகுகிற கிளப்புக்கு ஒரு மத்தியானம் போனேன், தரையை அப்போதுதான் துடைத்திருந்தார்கள், பினாயில் வாடை. அங்கே இருக்கிற டீஜேயைத் தூங்குமூஞ்சி என்பார்கள், கண் பாதிதான் திறந்திருக்கும். அவன் என் தாளத்தைப் போட்டான். பெண்கள் நான்கு அடி ஆடினார்கள், அப்புறம் ஒருத்தி முகத்தைச் சுளித்தாள், இன்னொருத்தி நின்றாள். தூங்குமூஞ்சிக்கு அன்றைக்குத்தான் முழுக்கண்ணும் திறந்தது. சத்தத்தை இறக்கிவிட்டு, “அக்கா, மேல வர்ற சத்தம் ஊசி மாதிரி குத்துது, அந்த ஹை-ஹாட் ஜால்ராவக் கொஞ்சம் கொறைங்க” என்றான். எனக்கு வந்ததே கோபம், “ஒன் ஸ்பீக்கர் ஓட்டை, மொதல்ல அத மாத்து” என்று கத்திவிட்டேன். பார்லர்க்காரி காதைப் பொத்தின கையை எடுக்காமலே, “ஸ்பீக்கர் இல்லக்கா, நாங்க தெனமும் இதுலதான ஆடுறோம்” என்றாள். பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வேனில் போட்டுக் கேட்டேன், ஹெட்போனில் கேட்டேன், எனக்கு எல்லாம் வெண்ணெயாகத்தான் இருந்தது. பொறாமை என்று அப்பாவிடம் சொன்னேன்.

மறுநாள் காலை அடுக்களையில் நின்று அதையே நினைத்துப் பொருமிக்கொண்டிருக்கிறேன், அப்பா வந்து திறந்து கிடந்த ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தினார். “எவ்வளவு நேரமா அது கத்திக்கிட்டிருக்கு, ஒனக்குக் கேக்கலையா?” என்றார். எது கத்தியது என்றேன், கதவு திறந்திருந்தால் கீச்சென்று கூப்பிடுகிற மணியாம். கதவை மறுபடி திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றோம். அவர் கையைத் தூக்கி, இப்ப கத்துது, இப்ப நிக்குது, இப்ப கத்துது என்று சிரித்துக்கொண்டே காட்டுகிறார். எனக்கு அவர் கை மட்டும் ஏறி இறங்குகிறது. கொஞ்ச நேரத்தில் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

காது ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு சின்னக் கண்ணாடி அறை, காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான், சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். எனக்கென்ன, ஆயுசு முழுக்க இப்படி ஒரு அறையில்தான் இருந்திருக்கிறேன் என்று கெத்தாக உட்கார்ந்தேன். முதலில் கேட்டது, அமுக்கினேன். அப்புறம் கேட்கவில்லை. ஆனால் வெளியே உட்கார்ந்து காதைச் சோதிக்கிற பெண் எத்தனை மூச்சுக்கு ஒரு தரம் சத்தம் விடுகிறாள் என்று என் உடம்பு அதற்குள் பிடித்துக்கொண்டது, பழகின கை சும்மா இருக்குமா, அந்தக் கணக்கில் அமுக்கிக்கொண்டே வந்தேன். கதவைத் திறந்துகொண்டு வந்தாள். “இப்ப நான் சத்தமே குடுக்கலையேம்மா, எதுக்கு அமுக்குனீங்க?” என்றாள். பரீட்சையில் காப்பி அடித்து மாட்டின பிள்ளை மாதிரி ஆகிவிட்டது எனக்கு. கீச்சென்கிற மேல் சத்தங்கள் இரண்டு காதிலும் போய்விட்டதாம், இடது காதில் கூடுதலாம், போனது திரும்பாதாம், இருக்கிறதைக் காப்பாற்றலாமாம். கனத்த கீழ் சத்தம் எல்லாம் சின்னப் பிள்ளைக்குக் கேட்கிற மாதிரி கேட்கிறதாம். அதைச் சொல்லி ஆறுதல் படுத்தினாள், நல்ல பெண்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. யார் சொன்னார்களோ, அந்த வாரத்துக்குள் அக்காவுக்குக் காது போச்சாம் என்று சுற்றிவிட்டது. மற்றவர் வாயால் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடலாம் என்று மூன்று பாடகர்களையும் கூப்பிட்டேன். இரண்டு பேர், அதனாலென்னக்கா, யாரையாவது பக்கத்துல வெச்சுக்கிட்டு முடிங்க என்றார்கள். கரகரப்பான், “ஒங்க மேல மரியாதை இருக்குக்கா, ஆனா எம் பேரு கெட்டுப்போயிடும், எங்கொரல எடுத்துடுங்க” என்றான். தாழ்ந்த குரல்தானே அவனுக்கு, ஓர் எழுத்து விடாமல் கேட்டது. எடுத்துவிட்டேன். இரண்டு நாள் அந்த அறைப் பக்கமே போகவில்லை, வீட்டில் இருக்கிற அலமாரியெல்லாம் துடைத்தேன், துடைத்ததையே மறுபடி துடைத்தேன், அப்பா பயந்துபோய்த் தம்பியை வரச்சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் பார்லருக்குப் போனேன். ஒருத்திக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள், நான் வாசலிலேயே நின்று, எனக்குக் கேட்கவில்லை, உனக்குக் கேட்கிறது, வந்து உட்கார் என்றேன். “எனக்கு ஒங்க மெஷினு ஒண்ணும் தெரியாதேக்கா” என்றாள். எங்கே குத்துகிறது என்று மட்டும் சொல், மற்றது என் பாடு என்றேன். காலையில் கடை திறப்பதற்கு முன்னால் வந்து உன் பழைய கட்டிலில் சம்மணம் போட்டு உட்காருவாள். இங்க குத்துது, இங்க மழுங்கிடுச்சு, இங்க சாம்பார்ல உப்பில்லாத மாதிரி இருக்கு என்பாள். நான் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டு, எனக்கு ஒன்றுமே கேட்காத ஒன்றைத் திருகிக் குறைப்பேன். அதைப்போல் ஒரு வேதனை இல்லையடி. இரண்டு தரம் சண்டை போட்டு வெளியே போகச் சொன்னேன், இரண்டு தரமும் அவள் போகவில்லை. போட்டி ஒரு மைதானத்தில் நடந்தது, காதில் அடைப்பானை வைத்துக்கொண்டு கடைசியில் நின்றேன். யாரும் காதைப் பொத்தவில்லை. பந்தலில் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர்கூட வேலையை விட்டுவிட்டு ஆடினார். நம் பெண்கள் இரண்டாவதாக வந்தார்கள், பார்லர்க்காரி நடுவர்களைத் திட்டின திட்டில் பாதிதான் எனக்குக் கேட்டது, அதுவே போதும். தூங்குமூஞ்சி தானாக வந்து தாளத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

ஆனாலும் மனசு ஓரிடத்தில் உட்கார மாட்டேனென்கிறது. காரணம் அந்தக் காது பார்க்கிற பெண் கடைசியில் கேட்ட ஒரு கேள்வி. போனில் பேச்சு புரிகிறதா, முக்கியமாக மெல்லிய குரல்கள், பெண் பிள்ளைகள் குரல் என்றாள். எனக்குச் சட்டென்று உன் ஞாபகம். போன மாதம் நீ கூப்பிட்டபோது நீளமாக ஏதோ சொன்னாய், நடுவில் ஒரு தரம் நிறுத்திவிட்டு மறுபடி சொன்னாய். லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு, ரொம்ப நல்லதும்மா, அப்படியே செய் என்றேன். நீ சரிம்மா என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டாய். அதற்கப்புறம் அப்பா போனுக்குத்தான் கூப்பிடுகிறாய். அவரைக் கேட்டால், “அம்மாகிட்ட எல்லாம் சொல்லிட்டேன்னாளே” என்கிறார், அவருக்கும் ஒன்றும் தெரியாது. பெரியவளே, என்னிடம் நீ என்ன சொன்னாய்? நல்ல செய்தியா, அழுதுகொண்டு சொன்னாயா, அதுகூட எனக்குத் தெரியவில்லை. நான் எதைச் செய்யச் சொன்னேன்? இன்னும் செய்யவில்லை என்றால் செய்யாதே, செய்துவிட்டாய் என்றாலும் சரி, அது என்னவானாலும் நான் உன் பக்கம்தான். உட்கார்ந்து நிதானமாக, மறுபடி முதலிலிருந்து எழுது. போனில் வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. மாப்பிள்ளைக்கு அப்பாவின் விசாரிப்பு. கால் ஊன்றின இடமெல்லாம் உனக்குக் கெட்டியாக நிற்கட்டும், அதுதான் என் ஆசீர்வாதம். பதிலை எவ்வளவு பொடி எழுத்தில் எழுதினாலும் பரவாயில்லை, கண் எனக்கு நன்றாகத் தெரிகிறது.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக வாசலுக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருக்கும்
அம்மா