விட்டுப்போன பேரு

லாலாகுடா, 14.3.71

வேதா,

மாதர் சங்கமும் ரயில்வே ஆஸ்பத்திரியும் சேர்ந்து அனுப்புற நெஞ்சு எக்ஸ்ரே வண்டி இன்னிக்கு நம்ம குவார்ட்டர்ஸுக்கு மறுபடியும் வந்துச்சு. மெஷினை நான்தான் ஓட்டினேன்.

போன வருஷம் நீ இருமிக்கிட்டே வரிசையில முன்னாடி நின்னே. "ஆபரேட்டர் பொண்டாட்டிக்குத்தான் முதல்லயாம்னு பேசுவாங்க, கடைசியா வா"ன்னு பின்னாடி அனுப்பினது நான். உன் முறை வர்றதுக்குள்ள ஃபிலிம் தீர்ந்துடுச்சு. "அதனால என்ன, ஆபரேட்டர் நம்ம வீட்டுலதானே இருக்காரு"ன்னு சிரிச்சே.

நர்ஸம்மா இன்னிக்கு, போன தடவை விட்டுப்போன பேர்லேர்ந்து ஆரம்பிச்சாங்க. "வேதவல்லி எவரம்மா"ன்னு தெலுங்குல ரெண்டு தரம் கூப்பிட்டாங்க. நீ போய்ச் சேர்ந்து நாலு மாசம் ஆச்சுன்னு சொல்லாம, "கடைசியா வருவா"ன்னுட்டேன்.

சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் பாத்தேன். ஃபிலிம் ரோல்ல இன்னும் ஒரு படத்துக்கு இடம் இருந்துச்சு.

உன் வீட்டுக்காரன்