வீட்டாரின் சம்மதம்

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், என் கால்களைத் தவிர. போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

சேவைத் திட்டத்தில் எங்கள் குழு பதினோரு பேர். என்னை அரசு மருத்துவமனையில் போட்டிருக்கிறார்கள். பச்சை நிறத்தில் கையில்லாத மேல்சட்டை, கழுத்தில் அட்டை. காலை ஏழரைக்கு சீட்டு வாங்கும் வரிசையில் இருக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்குப் படிவம் நிரப்புவது, எக்ஸ்ரே அறை வரை கூட்டிப் போவது, நடக்க முடியாதவர்களை நாற்காலியில் வைத்துத் தள்ளுவது, இதுதான் வேலை. எனக்கு வாய்த்த சக்கர நாற்காலி எவ்வளவு தள்ளினாலும் இடது பக்கமாகவே போகும். நேற்று ஒருவர் இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, உனக்கு லைசென்ஸ் இருக்கா?" என்றார். "எங்கப்பா பஸ் டிரைவர். ரத்தத்துலயே இருக்கு, பயப்படாதீங்க" என்றேன். வரிசை முழுக்கச் சிரித்தது.

இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டு. அவருக்குப் பேசத்தானே வராது, கேட்க வரும்.

உன்,
வாலு

ஜூன் 25

அன்புள்ள வாலுவுக்கு,

வாசித்துக் காட்டினேன். லைசென்ஸ் கதை வந்ததும் அப்பா ஒரு பக்க வாயால் சிரித்தார். அதே இடத்தில் விரல் வைத்து மறுபடி வாசிக்கச் சொன்னார். மூன்று தடவை. எட்டு மாதமாக நான்தான் அவரைக் குளிப்பாட்டிச் சோறூட்டுகிறேன். அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை. போகட்டும், சிரித்தாரே.

எதிர்வீட்டு டீச்சர் வந்திருந்தார். "உன் தங்கச்சிக்கு எவ்வளவு பெரிய மனசு, ஊருக்கே உழைக்குதே" என்றார். நான் அப்பாவின் துணிகளை அலசிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டே, "நீ வீட்ல சும்மாதானே இருக்க, ஏதாவது கத்துக்கக்கூடாதா?" என்றும் கேட்டார். நீ நாற்காலி தள்ளினால் சேவை. நான் தள்ளினால் சும்மா இருப்பது. சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

நான் வேலை பார்த்த அச்சகத்தில் என் இடத்துக்கு வேறு பெண்ணை எடுத்துவிட்டார்களாம். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

ஆகஸ்ட் 18

என் செல்ல அக்காவுக்கு,

பத்திரிகைத் துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். நாற்காலி தள்ளுவது நான்தான்! மூக்கு மட்டும் பெரிதாக விழுந்துவிட்டது.

இப்போது மதியம் முழுக்க உடற்பயிற்சிச் சிகிச்சை அறையில் வேலை. அங்கே பூட்டு ரிப்பேர் செய்பவர் ஒருவர் வருகிறார். அப்பாவைப் போலவே பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து, பேச்சும் போனவர். இரண்டு மாதமாக அவர் விரல்களைப் பிடித்துப் பிடித்துக் கரண்டி தூக்கப் பழக்கினேன். போன வியாழக்கிழமை என்னைப் பார்த்து, "பா...ப்பா" என்றார். அவர் மனைவி அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். நீயும் அப்பாவுக்கு இப்படியெல்லாம் செய்து பார். நம்பர் போட்டுத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். பொறுமைதான் முக்கியம்.

பெரிய செய்தி இனிமேல்தான். இரண்டாம் வருடத்துக்கு இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொள்ளப்போகிறார்கள். இந்தச் சிகிச்சையை முறையாகக் கற்றுக்கொடுப்பார்களாம். அதில் ஒருத்தி நான்! வீட்டாரின் சம்மதம் கேட்டு ஒரு தாள் வரும். அப்பாவிடம் கைநாட்டு வாங்கி உடனே அனுப்பிவிடு.

வாலு

செப்டம்பர் 2

வாலுவுக்கு,

படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அப்பா கண்ணைத் திருப்பினால் தெரியும் இடத்தில். ஒட்டியது நான்தான், அதனால் பொறாமைக்காரி என்று சொல்லிவிடாதே.

நம்பர் போட்ட தாளும் கிடைத்தது. மூன்றாவதில் தோளைத் தூக்கச் சொல்லியிருக்கிறாய். அப்பாவின் தோள் இறங்கியிருக்கிறது. அப்படித் தூக்கினால் வலியில் துடிப்பார். பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் அது தெரியும். பொறுமையைப் பற்றி எனக்கு எழுதினாயே, உனக்கே சிரிப்பு வரவில்லையா?

ஒன்று சொல்லி விடுகிறேன். அந்தத் திட்டத்தில் முதலில் தேர்வானவள் நான். அந்தக் கடிதம் அப்பா விழுந்த நான்காம் நாள் வந்தது. உனக்குத் தெரியும். தெரிந்தும் நாம் இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. இந்த வருடம் உன் படிவத்தை நிரப்பியதும் நான்தான், உன் கையெழுத்து கோணலாக இருக்குமே என்று. 'ஏன் சேர விரும்புகிறீர்கள்' என்ற கேள்விக்கு நான் எழுதியது என் பதில்.

சம்மதத் தாள் இன்னும் வரவில்லை. வரட்டும், பார்க்கலாம்.

அக்கா

அக்டோபர் 6

அக்கா,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

இன்று ஒருங்கிணைப்பாளர் மேடம் என்னை அறைக்குள் கூப்பிட்டார். "வீட்ல ஒத்துக்கலையேம்மா, நாங்க என்ன பண்றது?" என்று ஒரு தாளை நீட்டினார். 'குடும்பத்துக்கு விருப்பமில்லை. மகள் வீட்டுக்குத் தேவை.' உன் குண்டு குண்டு எழுத்து. கீழே அப்பாவின் கைநாட்டு. தேதி ஆகஸ்ட் முப்பது. தாள் வரவில்லை என்று நீ எனக்கு எழுதியதற்கு மூன்று நாள் முன்பு.

என் இடம் என் அறையிலேயே இருக்கும் பெண்ணுக்குப் போய்விட்டது. அவள் சந்தோஷத்தில் என்னையே கட்டிப்பிடித்துக் குதித்தாள். நானும் சிரித்தேன். கன்னம் வலித்தது.

அப்பாவின் விரலைப் பிடித்து மையில் வைத்தது யார்?

வாலு

அக்டோபர் 14

வாலு,

நான்தான். வேறு யார் இருக்கிறார்கள் இந்த வீட்டில்?

முழுக்கச் சொல்கிறேன், நடுவில் கிழித்துப் போடாதே. தாள் வந்ததும் அப்பாவுக்குச் சத்தமாக வாசித்தேன். "போகட்டுமா, வேணாமாப்பா?" என்று கேட்டேன். பதில் வராது என்று நினைத்துத்தான் கேட்டேன். அவர் வாயைக் கோணி, கழுத்து நரம்பு புடைக்க, "போ...ட்டும்" என்றார்.

ஆமாம், பேசினார். பத்து மாதத்தில் முதல் வார்த்தை. அதுவும் உனக்காக. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். உள்ளே ஏதோ பற்றி எரிந்தது. காது கேட்காதவள் மாதிரி மைப் பெட்டியை எடுத்து வந்தேன். அவர் கையை இழுக்கவில்லை. இழுக்கப் பலம் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான் என்ன கேட்டாலும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். டாக்டரிடம்கூட அவர் பேசியதைச் சொல்லவில்லை. சொன்னால் என்ன பேசினார் என்று கேட்பாரே.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. மேடத்துக்கும் உண்மையை எழுதிவிட்டேன். உனக்கு இடத்தைத் திருப்பித் தருவார்களா, தெரியாது.

அக்கா

அக்டோபர் 27

அக்கா,

எட்டு நாள் உன் கடிதத்துக்குப் பதில் எழுதக்கூடாது என்று இருந்தேன். அப்புறம் மேடமே கூப்பிட்டார். உன் கடிதம் அவர் மேசைமேல் இருந்தது. "அந்தப் பொண்ணுகிட்ட குடுத்ததைப் பிடுங்க முடியாது. ஆனா உன் வருஷத்தை நீ முடிக்கலாம்" என்றார். நான் வேண்டாம் என்றேன். என்ன ஆச்சு உனக்கு என்று கேட்டார். வீட்டுக்குப் போகணும் என்றேன்.

போன வருடப் பட்டியலை எடுக்கச் சொன்னேன். உன் பெயருக்கு எதிரே 'குடும்பக் காரணம், பிறகு சேரலாம்' என்று எழுதியிருக்கிறது. அது இன்னும் செல்லுமாம். நான் விட்டுப்போகும் ஏழு மாதத்தை நீ எடுத்துக்கொள்ளலாம். "உங்க ரெண்டு பேரையும் பார்த்தா எனக்குத் தலை சுத்துது" என்று சொல்லிக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார். தாள் இத்துடன் இருக்கிறது. வரும் திங்கட்கிழமை நீ சேர வேண்டும்.

இதைத் தியாகம் என்று எதிர்வீட்டில் சொல்லித் திரியாதே. உன்மேல் கோபம் கொஞ்சமும் குறையவில்லை. நான் ஒரு பூட்டுக்காரரின் வாயிலிருந்து வார்த்தையை வரவழைத்துக் கைதட்டல் வாங்கிய அதே மாதத்தில், என் அப்பாவின் முதல் வார்த்தை உன் காதில் விழுந்திருக்கிறது. அது எனக்காகச் சொன்னதாகவே இருக்கட்டும். கேட்டவள் நீதானே! அதை நினைத்தால் எனக்கும் உன்மேல் பொறாமையாக இருக்கிறது. இப்போது நாமிருவரும் ஒன்றுதான், போதுமா? நீ ஏழு மாதம் இங்கே கால் வலிக்க நில். நான் அங்கே அவர் வாயைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். என்னிடம் அழுது பேச வராதே, நானும் அழுதுவிடுவேன், அப்பா பயந்துபோவார். நீ கிளம்ப இரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் அவர் தோள் வலிக்காமல் எப்படிக் குளிப்பாட்டுவது என்று எனக்குக் காட்டிக்கொடு. வாயால் சொல்ல வேண்டாம். செய்து காட்டு, பார்த்துக்கொள்கிறேன்.

வாலு