சிவப்பு வயரும் வெள்ளை வயரும்

அன்பு மகள் சின்னுவுக்கு அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், அப்படியே வைத்துக்கொள். எனக்கு முழங்கால் வலி வழக்கம்போல. அம்மாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் செய்த இடம் நன்றாக ஆறிவிட்டது என்று டாக்டர் சொன்னார், குரல் இனிமேல் வராது என்பதையும் நான் கேட்காமலே இன்னொரு தடவை சொன்னார். நீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன எழுதுபலகையில்தான் எங்கள் குடித்தனம் ஓடுகிறது. சண்டையும் அதில்தான். அவள் கோபமாக எழுதி நீட்டுவாள், நான் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு படிப்பதற்குள் அவளுக்கே அலுத்துப்போய் அழித்துவிடுவாள். முப்பது வருஷமாகப் பேச்சில் என்னை ஜெயித்தவள், இப்போது வீடு இப்படி அமைதியாகக் கிடப்பது எனக்குத் தாங்கவில்லை சின்னு.

பரணில் இருந்த வீடியோ கேசட்டுகளை இறக்கினேன். அவள் குரல் என்று இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அவற்றில் மட்டும்தானே. கேமரா எப்போதும் என் கையில் இருந்ததால் நான் எதிலும் கிடையாது, அவள் எல்லாவற்றிலும் இருக்கிறாள். பெட்டியைத் திறந்தால் பாதிக் கேசட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. இன்னும் ஒரு மழைக்காலம் தாங்காது என்று தெரிந்துவிட்டது. டிஸ்கில் ஏற்றி உனக்கும் ஒன்று அனுப்பலாம் என்று ஸ்டுடியோவுக்கு எடுத்துப்போனேன், அங்கே மேஜைக்கு அடியில் ஊரார் வீட்டுக் கேசட்டெல்லாம் பெயர்கூட ஒட்டாமல் குவிந்து கிடந்தது, பயந்துபோய் வந்த வழியே திரும்பிவிட்டேன். அப்புறம்தான் நீ காலேஜில் வைத்திருந்த கம்ப்யூட்டர் ஞாபகம் வந்தது. புதுசாக வாங்குங்கள் மாமா என்று மாப்பிள்ளை போனில் தலைபாடாக அடித்துக்கொண்டார், கம்ப்யூட்டர் கடைக்காரரும் அதையேதான் சொன்னார், எனக்குத்தான் அடுத்தவர் பேச்சைக் காதில் வாங்கும் பழக்கமே இல்லையே. கடைக்காரர் அதன் வயிற்றைத் திறந்ததும் தலையணைப் பஞ்சு மாதிரித் தூசி வந்தது, அதற்குள் உன் நீல ஹேர்பின் ஒன்று. இது எப்படி சார் உள்ள போச்சு என்று கேட்டார், என் பொண்ணைத்தான் கேக்கணும் என்றேன். மெமரியைக் கூட்டி, பெரிய ஹார்ட் டிஸ்க் போட்டு, டிஸ்க் எழுதுகிற டிரைவ் மாட்டி, சூடு தாங்கப் புது ஃபேனும் வைத்து, கேசட் ஓட்டும் டெக்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்க ஒரு சின்ன டப்பாவும் கொடுத்தார். அதற்கு மூன்று வயர், மஞ்சள், சிவப்பு, வெள்ளை. இவ்வளவும் செய்த பிறகும் அது பாதியில் நின்று நின்று என் உயிரை வாங்கியது, கடைக்கு நடந்து நடந்து எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இதில் அம்மாவின் பிடிவாதம் வேறு. விஷயத்தைச் சொன்னதும் பலகையில் ‘வேணாம், தூக்கிப் போடுங்க’ என்று பெரிசாக எழுதிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். போன குரலைக் கேட்க யாருக்குத்தான் மனசு வரும், அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு விட மனசில்லை. மதியம் அவள் கண்ணயர்ந்ததும் உன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு திருட்டுத்தனமாக ஆரம்பித்தேன். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் முழுசாக ஓடியாக வேண்டும், அவசரப்படுத்த முடியாது. சத்தம் அவள் காதில் விழக் கூடாது. ஸ்பீக்கரைக் குறைத்திருந்தாலே போதும், ஆனால் ஆயுசெல்லாம் பம்ப் ஹவுஸில் வேலை பார்த்தவன் புத்தி எங்கே போகும், குழாயைத் திருகினால் கசியும், தண்ணீர் வரும் இடத்திலேயே அடைக்க வேண்டும் என்பதுதானே எங்கள் பாடம். சிவப்பு வயரையும் வெள்ளை வயரையும் பிடுங்கிவிட்டேன். அவை நம் காதுக்குக் கேட்பதற்கு, பதிவாவதெல்லாம் மஞ்சளில் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒரு கேசட் இல்லை, நான்கு கேசட்டை இப்படியே ஏற்றி முடித்தேன்.

சத்தத்தை அடைத்தேனே தவிர, அந்தப் புது ஃபேன் பழைய மோட்டார் போல இரைந்ததை யோசிக்கவில்லை. அந்த இரைச்சலில் விழித்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டாள், கையும் களவுமாக மாட்டினேன். எழுதி முடித்த டிஸ்க் சரியாக வந்திருக்கிறதா என்று அப்போதுதான் போட்டிருந்தேன். திரையில் நீ முதன்முதலாகச் சைக்கிள் ஓட்டுகிறாய், அம்மா பின்னாலேயே ஓடிவந்து வாயைத் திறந்து திறந்து ஏதோ கத்துகிறாள், ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. ஸ்பீக்கரை ஏற்றிப் பார்த்தேன், இல்லை. சத்தம் பதிவாவதே அந்த இரண்டு வயரில்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அம்மா திரையைப் பார்த்தாள், தொங்கிக்கொண்டிருந்த இரண்டு வயரையும் பார்த்தாள், போய்ப் பலகையை எடுத்துவந்து எழுதினாள். ‘இப்பதான் பேச முடியல. அப்பவும் என் வாய அடைச்சிட்டீங்களா?’ அழுகை வந்துவிட்டது சின்னு, உன்னிடம் மறைப்பானேன். அவள் என்னைத் தேற்றவெல்லாம் இல்லை. சிவப்பைச் சிவப்பில், வெள்ளையை வெள்ளையில் செருகினாள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

சைக்கிள் கேசட்டைத் திரும்ப ஓட்டலாம் என்று போட்டால் டெக் அதை மென்று துப்பிவிட்டது. பூஞ்சையில் ஒட்டிக்கொண்டு நாடா கசங்கி அறுந்துபோனது, கடைக்காரரும் கையை விரித்துவிட்டார். அதில் அவள் கத்தியது போனது போனதுதான், அதை நினைத்தால் இன்னும் சோறு இறங்கவில்லை. மற்றதையெல்லாம் மறுபடி முதலிலிருந்து ஏற்றினோம், மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு அவளும் கூடவே இருந்தாள். முதல் தடவை அவள் குரல் வந்தபோது நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள், நிறுத்தட்டுமா என்று கையை நீட்டினேன், பட்டென்று தட்டிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் தோள் குலுங்கியது, பதறிப்போய்ப் பார்த்தால் சிரிக்கிறாள். காரணம் என்ன தெரியுமா, எந்தக் கேசட்டைப் போட்டாலும் ஒரே வசனம். நீ பள்ளிக்கூட மேடையில் மரமாக நிற்கிறாய், கூட்டத்துக்குள்ளிருந்து சாப்பிட்டியாடி என்கிறாள். ரயில் கிளம்பி ஓடுகிறது, ஜன்னலோடு கூடவே ஓடிச் சாப்பிட்டியாடி என்கிறாள். காய்ச்சலில் முனகிக்கொண்டு கிடக்கிறாய், அப்போதும் அதே கேள்வி. ‘எனக்கு வேற பேச்சே தெரியாதா?’ என்று எழுதிக் காட்டினாள். நான் தெரியாது என்றேன், பலகையாலேயே ஒரு அடி விழுந்தது.

டிஸ்குகளைப் பார்சலில் போட்டிருக்கிறேன், ஒன்றின்மேல் ஒன்று உரசாமல் எடு. சைக்கிள் டிஸ்கில் சத்தம் வராது, உன் டிவி கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அன்றைக்கு என்ன கத்தினாள் என்று அவளுக்கும் நினைவில்லை, எனக்கும் இல்லை, உனக்கு நினைவிருந்தால் அவளிடம் சொல். அவளிடம் என்றுதான் எழுதுகிறேன். நீ போன் செய்தால் அம்மா எப்படி இருக்காங்கப்பா என்று என்னிடம் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய், பேச முடியாதவளிடம் என்ன பேசுவது என்று உனக்குத் தயக்கம், புரிகிறது. ஆனால் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து என் காதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் சின்னு, எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. இனிமேல் அவளிடம் கொடுக்கச் சொல். போனில் விரலால் ஒரு தட்டுத் தட்டினால் ஆமாம், இரண்டு தட்டினால் இல்லை, ஆளுக்கொரு அறையில் நின்று பழகிப் பார்த்துவிட்டோம், நன்றாகவே கேட்கிறது.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். இருவரும் எல்லா நலமும் பெற்று நீண்ட ஆயுளோடு இருக்க எங்கள் ஆசீர்வாதம். ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. போனை அம்மாவிடம் கொடுத்ததும் முதல் வார்த்தையாக, சாப்பிட்டேன் அம்மா என்று சொல்லிவிடு. அவளால் இனி வாயைத் திறந்து கேட்க முடியாது.

உன் அன்பு அப்பா