ஆளுக்கொரு பக்கம் திருப்பிய ஸ்க்ரூ

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் கார் நின்றுவிட்டது. மருத்துவமனைக்கு முந்தைய சிக்னலில் பிரேக்கில் கால் வைத்தேன்; எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் ஆயிரத்திலிருந்து அறுநூறுக்கு விழுந்தது, இரண்டு துடிப்பு, அவ்வளவுதான். தரையோடு ஒட்டி ஓடுகிற இரண்டு சீட் கார் என்பதால் பக்கத்து லாரிக்காரர் மேலிருந்து எட்டிப் பார்த்து, "தள்ளி விடணுமாம்மா?" என்றார். மானம் போயிற்று.

நேற்று வண்டி சும்மா நிற்கும்போதே இதே எஞ்சின் ஆயிரத்து ஐந்நூறில் கத்தியது. அந்த வேகத்தை ஏற்றி இறக்குகிற ஐடில் ஸ்க்ரூவைக் கால் திருப்பு குறைத்தேன். நேற்று அதிகம், இன்று குறைவு. ஒரே எஞ்சினுக்கு இரண்டு குணமா?

மார்ச் 6, வியாழன்

ஸ்பார்க் பிளக் நான்கும் புதிது. காற்று உள்ளே போகிற வாயில் படிந்த கரியைத் துடைத்தேன். குளிர்ந்த எஞ்சின் தங்கக் கம்பி. சூடேறினால் பழைய குருடி. நாள் முழுக்க எக்ஸ்ரே எடுத்து, மயிரிழை விரிசலைக்கூடக் கண்டுபிடிக்கிறவள் நான். இதில் ஒன்றும் பிடிபடவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அக்காவின் தபால் பெட்டியில் சாவியும் சீட்டும் போட்டேன். ஒரு வாரம் எனக்கு, ஒரு வாரம் அவளுக்கு. எட்டு வருடத்துக்கு முன் இருவரும் சேர்ந்து வாங்கிய கார். அப்போது சேர்ந்தே ஓட்டினோம்.

போன வருடம் அவள் கணவரை விட்டு வந்தாள். அம்மா வீட்டுச் சமையலறையில், எல்லார் முன்னாலும், "நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்" என்றேன். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினாள். அதோடு பேச்சு நின்றது. மிச்சம் இந்தச் சாவியும் சீட்டும்தான்.

சீட்டில் எழுதியது: "ஸ்க்ரூவை 900-இல் வைத்திருக்கிறேன். சூட்டில் நிற்கிறது. கவனம்."

மார்ச் 16, ஞாயிறு

அவள் சீட்டு: "ஏ.சி. போட்டால் நிற்கிறது. மூன்று முறை. ஒரு தடவை பின்னால் வந்த வேன் இடிக்க இருந்தது. இப்படியே போனால் விற்றுவிடலாம்."

விற்பதா? இதுவும் போனால் அவள் கையெழுத்தைக்கூடப் பார்க்க மாட்டேனே. எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்ச் 17, திங்கள்

மறுபடி ஆயிரத்து ஐந்நூறு! 900-இல் வைத்துத்தானே கொடுத்தேன்? எனக்குத்தான் கிறுக்கா, காருக்கா?

மார்ச் 19, புதன்

பட்டறைக்குக் கொண்டுபோனேன். தாடி மெக்கானிக் எஞ்சினை நன்றாகச் சூடேற விட்டார். பிறகு ஒவ்வொரு ரப்பர் குழாய் மேலும் கிளீனர் ஸ்ப்ரேயைச் சீய்ச் சீய்யென்று அடித்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் அடித்ததும் சத்தம் சட்டென்று மாறியது. கண்ணாடியை அடியில் நீட்டிக் காட்டினார். விரல் தடிமன் குழாய், அடிப்பக்கம் விரிசல். சூட்டில்தான் வாய் திறக்கிறதாம். அது வழியாகத் திருட்டுக் காற்று உள்ளே போய் எஞ்சினை நிறுத்துகிறதாம்.

"குழாய் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த ஸ்க்ரூவ யாரும்மா நோண்டிக்கிட்டே இருக்கறது?"

"நான் கொஞ்சம் குறைப்பேன்."

"ஏத்துறது யாரு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் எப்போதும் ஏ.சி. போடுவாள். நிற்காமல் இருக்க ஏற்றியிருக்கிறாள். நான் ஜன்னலைத் திறந்து ஓட்டுகிறவள், சத்தம் பொறுக்காமல் இறக்கியிருக்கிறேன். இரண்டு பேரும் வாராவாரம்.

"எங்க அக்கா."

"ஆளுக்கொரு பக்கம் திருப்பினா வண்டி யார் பேச்சத்தான் கேக்கும்? ஒரு வார்த்த பேசிக்கக் கூடாதா?"

கேட்டபடியே அவர் குழாயை மாற்றி, 850-இல் வைத்து, யார் திருப்பினாலும் தெரிகிற மாதிரி ஸ்க்ரூவின் மேல் வெள்ளை பெயின்ட் ஒரு சொட்டு வைத்துவிட்டார்.

மார்ச் 20, வியாழன்

850. அசையவே இல்லை. சிக்னலில் தனியாகச் சிரித்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

என் சீட்டு: "சரியாகிவிட்டது. குழாய்தான். ஸ்க்ரூ 850-இல் இருக்கிறது, தொட வேண்டாம்." இனி விற்கிற பேச்சு வராது.

மார்ச் 30, ஞாயிறு

காலிங் பெல். அக்காவே வந்திருந்தாள். ஒரு வருடம் கழித்து. உள்ளே வரவில்லை.

"வண்டி நல்லா ஓடுது. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் கேக்குறார். குடுத்துடலாம்."

"சரியாயிடுச்சே, அப்புறம் எதுக்கு?"

"சேந்து ஒண்ண வெச்சிருக்க, நமக்குள்ள என்ன இருக்கு?"

போய்விட்டாள். ஓடாத கார் என்றால் யார் வாங்கியிருப்பார்கள்? நானே ஓட வைத்து, நானே... ஐயோ.

ஏப்ரல் 5, சனி

கொடுத்தாயிற்று. அவள் ஓட்ட, நான் பக்கத்தில். எந்தச் சிக்னலிலும் எஞ்சின் நிற்கவில்லை. ஒரு தடவை நின்று தொலைக்காதா என்றிருந்தது. இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

பஸ் நிறுத்தத்தில்தான் பேச வாய் வந்தது. "அக்கா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. எல்லார் முன்னாடியும் வேற. மன்னிச்சுடு."

சாலையைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்:

"வாராவாரம் உன் சீட்டப் பின்பக்கம் திருப்பிப் பாப்பேன்டி. இந்த ஒரு வரி இருக்குமான்னு. 850, 900ன்னுதான் இருக்கும்."

அங்கேயே நின்று அழுதேன். பஸ் வந்தது. என்னை முதலில் ஏற்றி, ஜன்னல் பக்கம் உட்காரச் சொன்னாள்.